சிறிய சபையின் ஓராண்டு: ஆராதனை, ஐக்கியம், ஊர்ப்பணி ஆகியவற்றை எப்படி ஒழுங்கு செய்வது?

ஊவாச்சாரல் எழுதியது:

இலங்கையின் ஊவா மாகாணத்தில் ஹப்புத்தளைக்குக் கீழே, தேயிலை மலைகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் மெதடிஸ்த சபையின் வருடாந்தப் பொதுக்கூட்டம் நெருங்குகிறது. செயலாளர் என்ற முறையில் 2025ஆம் ஆண்டு அறிக்கையை எழுதி முடித்திருக்கிறேன். அதைச் சபையில் வாசிப்பதற்கு முன்னர், அடுத்த ஆண்டின் ஒழுங்கைப் பற்றி மலையகத்தின் மற்றப் பகுதிகளில் உள்ளவர்களின் கருத்தையும் அறிய விரும்புகிறேன்.

ஏறத்தாழ முப்பது குடும்பங்கள் கொண்ட சபை எங்களுடையது. ஒரே போதகரின் பொறுப்பில் உள்ள எங்கள் சேகரத்தில் வேறு ஆலயங்களும் இருப்பதால் போதகர் ஐயா மாதத்தில் ஒரு ஞாயிறு திருவிருந்து ஆராதனைக்கு வருவார். ஏனைய ஞாயிறுகளை உள்ளூர்ப் பிரசங்கியார்கள் பார்த்துக்கொள்கிறார்கள். ஜனவரி முதல் ஞாயிறு உடன்படிக்கை ஆராதனை நடந்தது. அதே மாதம் 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒற்றுமைக்கான ஜெப வாரத்தைப் பக்கத்துத் தோட்டத்துக் கத்தோலிக்கச் சிற்றாலயத்தோடு சேர்ந்து கடைப்பிடித்தோம். மார்ச் 5ஆம் திகதி சாம்பல் புதன், 7ஆம் திகதி உலக ஜெப தினம். இந்த ஜெப தினத்தின் ஒழுங்கைக் குக் தீவுகளின் கிறிஸ்தவப் பெண்கள் 139ஆம் சங்கீதத்தை வைத்து எழுதியிருந்தார்கள். மலையில் கொழுந்து எடுத்துவிட்டு நேரே வந்த எங்கள் தாய்மார், பசிபிக் கடலின் நடுவே இருக்கும் அந்தத் தீவுகளின் ‘கியா ஒரானா’ என்ற வாழ்த்தைச் சொல்லி ஒருவரையொருவர் கைபிடித்து வரவேற்றது, அந்த ஆண்டில் நான் மிகவும் மகிழ்ந்த மாலைகளில் ஒன்று.

குருத்தோலை ஞாயிறு ஏப்ரல் 13ஆம் திகதி வந்தது. மறுநாளே சித்திரைப் புத்தாண்டு. எங்கள் குடும்பங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் பெண் கொடுத்தவர்களோ எடுத்தவர்களோ இந்து உறவினர்களாக இருப்பதால், பரிசுத்த வாரத்தின் திங்கட்கிழமை முழுவதும் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பலகார வாசனைதான். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. பெரிய வெள்ளியன்று எங்கள் ஆலயத்தின் பின்வரிசைகளில் அந்த உறவினர்கள் மூன்று மணி நேரமும் அமர்ந்திருந்தார்கள்.

இனி எனது கேள்விக்கு வருகிறேன். எங்கள் அறிக்கையில் வழக்கம்போல மூன்று தலைப்புகள் உள்ளன: ஆராதனை, ஐக்கியம், ஊர்ப்பணி. ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வரவுசெலவு. சிறிய சபையில் இந்த மூன்று குழுக்களிலும் அதே ஏழெட்டுப் பேர்தான் இருக்கிறார்கள். ஒரு கூட்டம் முடிந்து அடுத்த கூட்டத்துக்கு நாற்காலியை மட்டும் மாற்றிப் போடுகிறோம். அது போகட்டும் என்றாலும், இந்தப் பிரிவினையால் நமது ஆண்டு எப்படி அமைகிறது என்பதையே நாம் தவறாகப் புரிந்துகொள்கிறோம் என்பது எனது உறுதியான எண்ணம். தோட்டத்தின் நாட்காட்டி ஒன்று இருக்கிறது. பிரட்டு எனப்படும் காலை ஆள்கணக்கு நேரம், சம்பள நாள், சித்திரை மழைக்குப் பின்னர் கொழுந்து மிகும் வாரங்கள், ஆடி ஆவணியில் அடிக்கும் காற்று, தீபாவளி முற்பணம், ஐப்பசி கார்த்திகை மழை என்பவை அந்த நாட்காட்டியின் நாட்கள். சபையின் நாட்காட்டியை அதற்குள் வைத்துத்தான் எழுத வேண்டும். அப்படி எழுதினால் ஆராதனையையும் ஐக்கியத்தையும் ஊர்ப்பணியையும் தனித்தனியாகப் பிரித்து நிறுத்த முடியாது.

மே, ஜூன் மாதங்களில் ஞாயிறு காலை ஆராதனைக்கு வருகிறவர்களின் தொகை வெகுவாகக் குறைகிறது. அந்த வாரங்களில் ஞாயிற்றுக்கிழமை கைக்காசு வேலை, அதாவது எடுக்கும் கொழுந்துக்குத் தனியாகப் பணம் தரும் வேலை, உண்டு. சபையில் சிலர் இதை விசுவாசக் குறைவாகப் பேசுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. உங்கள் இடங்களில் என்ன செய்கிறீர்கள்?

டிக்கோயாப் பள்ளத்தாக்கு எழுதியது:

ஊவாச்சாரல் அவர்களுக்கு வணக்கம். நான் இலங்கைத் திருச்சபையைச் சேர்ந்தவன். எங்களுடையதும் சிறிய சபைதான்.

வரலாற்றிலிருந்து ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறேன். தோட்டத் தொழிலாளர்களுக்கான அங்கிலிக்கன் பணி 1854ஆம் ஆண்டு தமிழ்க் கூலி மிஷன் என்ற பெயரில் ஆரம்பமானது. அது கோப்பிக் காலம். தேயிலை வர்த்தகப் பயிராக வருவதற்கு இன்னும் ஆண்டுகள் இருந்தன. அந்தப் பணியைத் தாங்கியவர்கள் பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த உபதேசியார்கள். தொழிலாளியின் பகற்பொழுது தோட்டத்துக்குச் சொந்தமாக இருந்தபடியால், அவர்கள் அதிகாலையில் பிரட்டுக்களத்திலும் மாலையில் லயத்து வாசலிலும் மக்களைச் சந்தித்தார்கள். துரைமார் தங்களுக்கென்று கட்டிய ஆலயங்கள் வேறு. எங்கள் பக்கத்தில் காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கும் வோர்லி கிறிஸ்து ஆலயம் 1878ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் கருங்கல்லையும் வண்ணக் கண்ணாடியையும் இன்று சுற்றுலாப் பயணிகள் படம் பிடிக்கிறார்கள். ஞாயிறு காலை என்ற நேரம் அந்த ஆலயங்களிலிருந்துதான் நமக்கு வந்தது. நமது பாட்டன்மார் ஜெபித்த நேரம் மாலை.

ஆகவே கைக்காசு வேலை நடக்கும் வாரங்களில் ஆராதனையை மாலைக்கு மாற்றுவது புதுமையன்று. எங்கள் சபையில் அதைச் செய்கிறோம்.

ஆனால் நீங்கள் எழுதிய இன்னொன்றில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆராதனையைத் தனியே பிரித்து நிறுத்த முடியாது என்கிறீர்கள். நான் பிரித்துத்தான் நிறுத்துவேன். வருகைக்காலம், லெந்து, உயிர்த்த ஞாயிறு, பெந்தெகொஸ்தே என்ற வரிசைக்குத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவையில்லை. கொழுந்து இல்லாத மாதத்திலும் சம்பளம் பிந்திய மாதத்திலும் அது தன் பாட்டில் வருகிறது. வருடம் முழுவதும் வேறொருவரின் மணியோசைக்கு எழும்பும் மனிதருக்கு, இன்னொரு காலக்கணக்கு இருக்கிறது என்று தெரிவதே பெரிய ஆறுதல். அதைத் தோட்டத்து நாட்காட்டிக்குள் அடக்கிவிட்டால் அந்த ஆறுதலை நாமே எடுத்துவிடுகிறோம்.

மாலைவகுப்பு டீச்சர் எழுதியது:

டிக்கோயா அண்ணன் சொன்ன வரலாறு நன்றாக இருக்கிறது. ஆனால் மாலை என்றால் எத்தனை மணி என்று ஒரு பெண்ணைக் கேட்டுவிட்டுத் தீர்மானிக்க வேண்டும்.

எங்கள் டிவிசனில் ஆறு மணி ஆராதனை வைத்துப் பார்த்தார்கள். ஆண்களும் பையன்களும் வந்தார்கள். பெண்கள் வரவில்லை. ஆலயத்திலிருந்து மேல் லயத்துக்குப் போகும் குறுக்குப் பாதையில் விளக்கு இல்லை. சிறுத்தை நடமாட்டம் இருக்கிறது. வயது வந்த பிள்ளையை இருட்டில் தனியே அனுப்ப எந்தத் தாயும் சம்மதிக்க மாட்டாள். அதோடு அந்த நேரத்தில்தான் தண்ணீர் வரும், அடுப்பு எரிய வேண்டும், பிள்ளைகளின் சீருடை தோய்க்க வேண்டும். விடிய நாலரைக்கு எழும்பியவள் மீண்டும் நாலரைக்கு எழும்ப வேண்டும்.

பெண்களின் கூட்டத்தில் நாங்களே பேசித் தெரிவு செய்த நேரம் பிற்பகல் மூன்று மணி. ஞாயிறு கைக்காசுக் கொழுந்து ஒன்றரை, இரண்டு மணிக்குள் எடைபோட்டாகிவிடும். வீட்டுக்குப் போய் முகம் கழுவிச் சேலை மாற்றி வர நேரம் போதும். வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பிவிடலாம். முதல் ஞாயிறு எனக்குப் பக்கத்தில் அமர்ந்த அக்கா, எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் போகாத கொழுந்துக் கறை படிந்த விரலால் பாட்டுப் புத்தகத்தில் வரியைத் தொட்டுத் தொட்டுப் பாடினார். அவர் காலை ஆராதனைக்கு வந்து நான் பார்த்ததேயில்லை.

விசுவாசக் குறைவு என்று பேசுகிறவர்களிடம் கணக்கைக் காட்டுங்கள். நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆவதற்கு 2021 வரை காத்திருந்தோம். 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாயானது. பேர் என்று நாங்கள் சொல்லும் அந்த ஒரு நாள் சம்பளப் பதிவும் முழுப் பேராக விழுவதற்குத் தோட்டம் கேட்கும் கிலோவை எடுத்தாக வேண்டும். அரைப் பேர் போட்டுவிட்டால் அந்த வாரத்து மாவும் பருப்பும் கடனுக்குத்தான். இப்படிப்பட்ட வீட்டுக்கு ஞாயிறு கைக்காசு, பிள்ளையின் பயிற்சிப் புத்தகமும் பேரூந்துக் கட்டணமும் ஆகும். அதை விட்டுவிட்டு வா என்று சொல்வதற்குச் சபைக்கு உரிமை இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை.

கொழும்பிலிருந்து ஒருவன் எழுதியது:

நான் ஊவாச்சாரல் அண்ணனின் சபையைச் சேர்ந்தவன். வெள்ளவத்தையில் ஒரு கடையில் வேலை. எங்கள் வயதுப் பிள்ளைகளில் தோட்டத்தில் இருப்பவர்கள் சிலரே. நத்தாருக்கும் சித்திரைக்கும் மட்டும் எங்களுக்கு லீவு கிடைக்கும். அதனால் ஆண்டின் பெரிய செலவை நத்தாருக்கு ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நல்ல ஒலிபெருக்கி வாங்குவதற்கு நாங்கள் சேர்ந்து பணம் தருகிறோம் என்று இரண்டு தடவை சொல்லியும் பதில் வரவில்லை. ஆராதனையை முகநூலில் நேரலையாகப் போட்டால் எங்களுக்கும் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன அம்மாமாருக்கும் பிரயோசனமாக இருக்கும்.

ஊவாச்சாரல் எழுதியது:

தம்பி, ஒலிபெருக்கியைப் பற்றிய பதில் பொதுக்கூட்டத்தில் வரும். நேரலைக்கு எங்கள் பள்ளத்தில் சிக்னல் போதாது. ஆலயக் கதவருகே ஒரு கோடு, ஜன்னலருகே இரண்டு கோடு என்பது உனக்கும் தெரியும். ஆராதனையைப் பதிவு செய்து, மேல் மலைக்குப் போகிறவர் கையில் கொடுத்து அனுப்பிவிடலாம்.

டீச்சரின் மூன்று மணி யோசனையை நான் அப்படியே சபையில் வைக்கப்போகிறேன். டிக்கோயா அண்ணன் சொன்ன இன்னொரு காலக்கணக்கைப் பற்றி எனக்கும் மறுப்பில்லை. காலத்தின் பெயர் மாற வேண்டியதில்லை, மணி மாறினால் போதும் என்பதே எனது கருத்து.

ஆண்டின் ஒரு நாளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனது வாதத்துக்கு அது நேரடியான சான்று. செப்டெம்பரில் அறுப்பின் பண்டிகை நடந்தது. ஊவாவில் நெல் விளையும் கிராமங்கள் உண்டு. தோட்டத்தில் எங்களுக்கு வயல் கிடையாது. லயத்துக்குப் பின்னால் உள்ள துண்டு நிலத்தில் போட்ட லீக்ஸ், கரட், போஞ்சி, பூசணி, ஒரு சாக்கு உருளைக்கிழங்கு ஆகியவற்றோடு, பச்சைக் கொழுந்தை ஒரு படங்குத் துண்டில் கட்டித் திருவிருந்து மேசைக்கு முன்னால் வைத்தார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர் ஏலம் கூறினார். ஒரு பூசணிக்காயை வாங்கியவர் அதைத் திரும்பவும் மேசையில் வைத்தார். அடுத்தவர் வாங்கி அவரும் வைத்தார். அப்படியே அது பல கைகள் மாறி, கடைசியில் கணவரை இழந்து இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் ஓர் இந்துத் தாயின் வீட்டுக்குப் போனது. ஏலத்தில் சேர்ந்த பணம் பாடசாலைப் பிள்ளைகளின் சப்பாத்துக்கு ஒதுக்கப்பட்டது. பிறகு எல்லோருக்கும் சோறும் பருப்பும் கிழங்குக் கறியும் பரிமாறி, சாயத் தண்ணீர் ஊற்றி முடியும்போது மூன்று மணி. இப்போது சொல்லுங்கள்: இந்த நாளை அறிக்கையின் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது? ஆராதனைக் குழு தன்னுடையது என்கிறது, ஐக்கியக் குழு சாப்பாட்டுச் செலவைக் காட்டுகிறது, ஊர்ப்பணிக் குழு சப்பாத்துக் கணக்கைக் கேட்கிறது.

கோவில் வீதி எழுதியது:

நான் கிறிஸ்தவன் அல்லன். பதுளை மாவட்டத்துத் தோட்டமொன்றில் மாரியம்மன் கோவில் பரிபாலன சபையில் இருக்கிறேன். இங்கே எழுதலாமா என்று யோசித்தேன். ஊர்ப்பணி என்று நீங்கள் சொல்லும்போது அந்த ஊரில் நாங்களும் இருப்பதால் எழுதுகிறேன்.

தோட்டங்களுக்கு உதவி என்று வருகிறவர்களில் இரண்டு வகையினரைப் பார்த்திருக்கிறோம். உலருணவுப் பொதியோடு வந்து, அதைக் கொடுப்பதற்கு முன்னர் ஜெபத்தில் உட்காரச் சொல்லி, பெயரை எழுதிக்கொண்டு, அடுத்த வாரம் வராதவர்களின் பெயரை வெட்டிவிடுகிறவர்கள் ஒரு வகை. எந்தக் குழு என்று சொல்லப்போவதில்லை. அவர்களால் ஒரே லயத்தில் சுவருக்குச் சுவர் ஒட்டி வாழ்ந்த அண்ணன் தம்பிகள் பேச்சில்லாமல் போனதைக் கண்டிருக்கிறேன். இன்னொரு வகை, பழைய சபைகள். எங்கள் தோட்டத்தில் ஒரு மரணம் நடந்தால் மரண உதவிச் சங்கத்தில் கிறிஸ்தவ வீட்டாரும் இந்து வீட்டாரும் ஒரே கொப்பியில்தான் சந்தா கட்டுகிறார்கள். சாவு வீட்டுக்கு நாற்காலி சபை மண்டபத்திலிருந்து வரும். பந்தல் கம்பு கோவிலிலிருந்து போகும். தீமிதிப்பு நாளில் சபைப் பையன்கள் தண்ணீர்ப் பந்தலில் நிற்பார்கள். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் குண்டு வெடித்த பிறகு, மறு ஞாயிறுகளில் எங்கள் தோட்டத்து ஆலய வாசலில் கோவில் இளைஞர்கள் காவல் நின்றார்கள். எவரும் கேட்டுச் செய்யவில்லை.

எனது வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் அடுத்த ஆண்டுத் திட்டத்தில், உதவிக்கு எந்த நிபந்தனையும் இல்லை என்று எழுத்தில் வையுங்கள். மனத்தில் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். எழுத்தில் இருந்தால், நாளைக்குப் புதிதாக வரும் ஒருவர் அதை மாற்றுவது கடினம்.

டிக்கோயாப் பள்ளத்தாக்கு எழுதியது:

கோவில் வீதி ஐயாவின் வேண்டுகோளை முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். எங்கள் சபையும் அதை எழுத்தில் வைக்க வேண்டும்.

ஊவாச்சாரல் எழுதியது:

ஐயா எழுதியதற்கு நன்றி. அதற்குப் பதில் சொல்வதற்கு நவம்பர் இறுதியைப் பற்றிப் பேச வேண்டும்.

டித்வா புயல் நவம்பர் 28ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, இலங்கையில் கரை கடந்தது. அதற்கு முதல் நாளிலிருந்தே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மண்சரிவுகள் ஏற்பட்டன. நாடு முழுவதிலும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலையக ரயில்பாதை பல இடங்களில் அடியோடு பெயர்ந்துபோனது. எங்கள் தோட்டத்தில் உயிரிழப்பு இல்லை. ஆனால் கீழ் லயத்துக்குப் பின்னாலுள்ள மண்மேடு வெடித்து, அடுப்படிச் சுவர்களில் கைவிரல் நுழையும் அளவுக்குப் பிளவு விழுந்தது. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை, பாதை இல்லை. கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நேரில் பார்த்த உறவினர்கள் எங்கள் தோட்டத்தில் இருக்கிறார்கள். ஆகவே எவரும் அறிவித்தலுக்காகக் காத்திருக்கவில்லை. வெள்ளி இரவு கீழ் லயத்தார் அனைவரும் பாயும் போர்வையும் அடையாள அட்டைகள் வைத்த பிளாஸ்டிக் பையுமாக ஆலயத்துக்கு வந்துவிட்டார்கள். ஆலயம் தோட்டத்தில் மேடான, பாறை மேல் நிற்கும் இடம்.

அந்த ஞாயிறு, நவம்பர் 30, வருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. அன்று ஆராதனை நடத்த ஆலயத்தில் இடமில்லை. வாங்குகளைச் சுவரோரம் ஒதுக்கி, நடுவில் பிள்ளைகளைப் படுக்க வைத்திருந்தோம். திருவிருந்து மேசையை மட்டும் நகர்த்தாமல் வைத்திருந்தோம். அதில் சாமான் எதையும் வைக்கக் கூடாது என்று முதலில் சொன்னவர் ஓர் இந்துப் பாட்டியார். பிரசங்கியார் வர முடியவில்லை. மெழுகுதிரி ஒன்றை ஏற்றி, ஏசாயாவின் வாசகத்தை வாசித்து, ஒரு கீர்த்தனை பாடினோம். பாட விரும்பியவர்கள் பாடினார்கள். மற்றவர்கள் அதே நேரத்தில் வெளியே தகரக் கொட்டகையில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார்கள். கோவிலிலிருந்து பெரிய அண்டாவும் அரிசியும் வந்தன. கடைக்கார முஸ்லிம் நானா கடனென்று எழுதாமல் மாவும் டின்மீனும் கொடுத்தார். பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பன்சலையிலிருந்து பிக்குவும் நாலைந்து இளைஞர்களும் மண் சரிந்த பாதையைக் கால்நடையாகக் கடந்து வந்து பால்மாவும் மருந்தும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

எவர் ஜெபத்தில் இருந்தார், எவர் இருக்கவில்லை என்று எவரும் பெயர் எழுதவில்லை. எழுதிய ஒரே பட்டியல் கிராம உத்தியோகத்தருக்குக் கொடுக்க வேண்டிய குடும்ப விபரம். அதில் சமயத்துக்கு நிரல் இல்லை. நிபந்தனையில்லை என்ற வாசகத்தை அறிக்கையின் முதற்பக்கத்திலேயே சேர்த்துவிடுகிறேன், ஐயா.

நத்தார் கரோல் ஊர்வலத்தை அந்த ஆண்டு நிறுத்திவிடலாமா என்று சபையில் பேச்சு வந்தது. வழக்கமான பெற்றோமாக்ஸ் விளக்கும் தப்பு மேளமும் வேண்டாம், வீடு வீடாகப் போய் இரண்டு பாட்டு மட்டும் பாடிவிட்டு, வீட்டாரின் நிலைமையைக் கேட்டு வருவோம் என்று தீர்மானித்தோம். காணிக்கைப் பெட்டி கொண்டுபோகவில்லை. அப்படிப் போனபோதுதான் எந்த வீட்டில் மருந்து முடிந்திருக்கிறது, எந்தப் பிள்ளையின் சாதாரண தரப் புத்தகங்கள் நனைந்து போயின, எவருக்கு இழப்பீட்டுப் படிவம் கிடைக்கவில்லை என்பவை எல்லாம் தெரிய வந்தன.

சிற்றாலயத்தார் எழுதியது:

பண்டாரவளைப் பக்கத்துக் கத்தோலிக்கன். படிவம் என்று எழுதியதைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

எங்கள் மலையகத்தில் 1970களில் இரண்டு முன்னோடிகள் இருந்தார்கள். 1972இல் பதுளை மறைமாவட்டத்தின் முதல் ஆயராக வந்த லியோ நாணயக்கார ஆண்டகை ஒருவர்; அதே ஆண்டு கண்டியில் சத்தியோதயம் நிலையத்தை ஆரம்பித்த இயேசு சபைக் குரு போல் கெஸ்பர்ஸ் அடிகளார் மற்றவர். அடிகளார் சிங்களவரையும் தமிழரையும் ஒரே கூரையின் கீழ் வாழவும் வேலை செய்யவும் வைத்தார். தோட்ட மக்களின் குடியுரிமையையும் சம்பளத்தையும் பற்றிப் பேசவும் எழுதவும் செய்தார். 1948இல் பறிக்கப்பட்ட குடியுரிமை, 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தால் பிரிந்த குடும்பங்கள், 2003 சட்டத்தோடு வந்த தீர்வு என்று நீண்ட அந்தப் பாதையில் நம்மவர்கள் பட்ட அலைச்சலின் பெரும்பகுதி காகிதத்தைச் சார்ந்தது. பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து பிழைத்தால் அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. இன்றும் அலுவலகங்களிலிருந்து தனிச் சிங்களத்தில் படிவம் வருகிறது. அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவுக்கான விண்ணப்பங்கள் வந்தபோது எங்கள் சிற்றாலயத்தில் பூசைக்குப் பிறகு ஒரு மேசை போட்டோம். இரு மொழியும் தெரிந்த உயர்தர மாணவர்கள் இருவர், ஒரு மை அட்டை, பெருவிரல் ரேகை வைக்க ஒரு துணி. அவ்வளவுதான் செலவு. அந்த மேசை இன்னும் நடக்கிறது. சிங்களக் கிராமத்தவரும் வருகிறார்கள், ஏனென்றால் ஏழையின் படிவம் எந்த மொழியில் இருந்தாலும் நீளமானதுதான்.

2023இல் மலையகம் 200ஐ, அதாவது நம்மவர்கள் இந்தியாவிலிருந்து வந்து இருநூறு ஆண்டுகளானதை, நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தார்கள். தேசிய கிறிஸ்தவ மன்றத்தைச் சேர்ந்தவர்களும் குருமாரும் அதில் நடந்தார்கள்; வழி நெடுகச் சபைகளும் கோவில்களும் பள்ளிவாசல்களும் உணவும் தங்குமிடமும் கொடுத்தன. அப்படிப்பட்ட நடை ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வரும். மேசை ஒவ்வொரு வாரமும் போடலாம்.

மாலைவகுப்பு டீச்சர் எழுதியது:

மேசை யோசனையை நானும் ஆதரிக்கிறேன், ஒரு திருத்தத்தோடு. உயர்தர மாணவர்களை முழுநேரமும் அதில் வைக்காதீர்கள். அவர்களுக்குப் பரீட்சை இருக்கிறது. கொழும்பில் இருக்கும் தம்பிமார் லீவில் வரும் நாட்களில் அந்த நாற்காலியில் உட்காரட்டும். அவர்களுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். ஒலிபெருக்கியைவிட அது பெரிய காணிக்கை.

இன்னொன்று. மாலை வகுப்பை அறிக்கைகளில் ஊர்ப்பணி என்று எழுதுகிறார்கள். எங்கள் வகுப்பில் சபைப் பிள்ளைகளும் கோவில் பிள்ளைகளும் ஒரே பாயில் இருந்து ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலுக்குப் படிக்கிறார்கள். கணிதம் சொல்லிக்கொடுப்பவர் ஓர் இந்து அண்ணன். பத்துக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் ஆறு பேர் வாழும் வீட்டில் பிள்ளைக்குப் படிக்க இடமில்லை. ஆலய மண்டபத்தில் விளக்கும் மேசையும் வாரத்தில் ஆறு நாள் சும்மா கிடக்கின்றன. நாங்கள் செய்வதெல்லாம் கதவைத் திறப்பதுதான். யார் யாருக்கு உதவி செய்கிறார்கள் என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கொழும்பிலிருந்து ஒருவன் எழுதியது:

டீச்சர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். சித்திரை லீவில் நானும் இன்னும் இருவரும் மேசையில் இருப்போம். ஒலிபெருக்கிக்குச் சேர்த்த பணத்தை மண்டபத்துக்கு சோலார் விளக்குக்கும் மேல் லயப் பாதைக்கும் மாற்றலாமா என்று மற்றவர்களிடம் கேட்கிறேன். புயல் நாட்களில் வீட்டுக்கு அழைப்பெடுத்து எடுத்து, இணைப்புக் கிடைக்காமல் கடை வாசலில் நின்றது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

டிக்கோயாப் பள்ளத்தாக்கு எழுதியது:

ஊவாச்சாரல் அவர்களின் நவம்பர் 30ஐ வாசித்த பிறகு ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் ஆராதனையைப் பிரித்து நிறுத்துவேன் என்று எழுதியதில் இன்னும் மாற்றமில்லை. ஆனால் நீங்களும் அதைத்தான் செய்திருக்கிறீர்கள். அத்தனை நெருக்கடியிலும் மேசையை நகர்த்தவில்லை, அந்த ஞாயிறுக்குரிய வாசகத்தையே வாசித்தீர்கள், மெழுகுதிரியை ஏற்றினீர்கள். குழுக்களை ஒன்றாக்குங்கள், வரவுசெலவை ஒன்றாக்குங்கள், திருச்சபை நாட்காட்டியை மட்டும் அறிக்கையில் முதலில் வையுங்கள். அதன் பக்கத்தில் தோட்டத்து மாதங்களை எழுதுங்கள். சபையார் இரண்டையும் சேர்த்து வாசிக்கட்டும்.

ஊவாச்சாரல் எழுதியது:

அண்ணனின் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. அதன்படியே அட்டவணையைத் திருத்தியிருக்கிறேன். பொதுக்கூட்டத்துக்கு நான் கொண்டுபோகும் பிரேரணைகள் இவை: மூன்று குழுக்களுக்குப் பதிலாக ஒரே குழு, அதில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், கொழுந்து மிகும் வாரங்களில் ஆராதனை பிற்பகல் மூன்று மணிக்கு, மண்டபத்தின் சாவி சபைப் பொறுப்பாளரிடமும் மாலை வகுப்பு ஆசிரியரிடமும் இருக்க வேண்டும், மழைக்காலத்தில் மூன்றாவது சாவி கீழ் லயத்தில் ஒருவரிடம், அவர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும், உதவிக்கு நிபந்தனை இல்லை என்ற வாசகம் யாப்பில் சேர வேண்டும். 2026இல் உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 5ஆம் திகதியே வந்துவிடுவதால், சித்திரை லீவில் வருகிற தம்பிமார் அதைத் தவறவிடுவார்கள். அவர்களுக்காகப் புத்தாண்டுக்குப் பிந்திய ஞாயிறை ஐக்கிய ஞாயிறாக வைக்கிறோம், படிவ மேசையும் அன்றுதான் ஆரம்பம்.

மூன்று மணிக்கு முதியவர்கள் இருவர் எதிர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கு இந்த வாரம் போய்ப் பேசவிருக்கிறேன்; ஞாயிறு காலை என்பது அவர்களுக்கு அப்பா கைபிடித்துக் கூட்டிப்போன நேரம், அதை வாக்கெடுப்பால் மட்டும் தாண்டிப்போக எனக்கு மனமில்லை. அவர்களுக்குக் காலையில் வீட்டு ஜெபம் வைக்க முடியுமா என்று உள்ளூர்ப் பிரசங்கியாரையும் கேட்டிருக்கிறேன்.

சிற்றாலயத்தார் ஐயா, உங்கள் மேசையில் பயன்படுத்தும் மாதிரிப் படிவங்களில் ஒரு பிரதி கிடைக்குமா? செவ்வாய்க்கிழமை பண்டாரவளைக்கு மருந்து எடுக்க வருகிறேன். எங்கே வந்து வாங்கலாம் என்று சொல்லுங்கள்.

சிற்றாலயத்தார் எழுதியது:

பூசை மண்டபத்தில் கொடுத்து வைக்கிறேன். பிறப்புப் பதிவுத் திருத்தத்துக்கான படிவம் தமிழில் ஒன்றும் சிங்களத்தில் ஒன்றும் இருக்கும். நிரப்பும் முறையைப் பென்சிலால் எழுதியிருக்கிறோம். பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தாருங்கள், எங்களிடம் அது ஒன்றுதான் இருக்கிறது.